ஒன்பதாம் பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. நான்கு பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்களே தவிர ஒருவரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ. நல்லதாய்ப் போயிற்று. பையை வைத்துக்கொண்டேன்.

தம்பி போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் செய்த காரியத்துக்கு இன்னும் நான் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதே சிப் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று, கூட மூன்று பேரையும் கிளப்பிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை இங்கே நுழைவு பாஸைத் திருப்பிக் கொடுத்தான், திங்கட்கிழமை அங்கே சேர்ந்துவிட்டான். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை? கிடையாது. எனக்கே பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் தெரியும். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

இஸ்திரி இன்று வருடாந்தரப் படிவத்தைக் கொடுத்தார். பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர். சட்டையில் மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை, முகத்திலும்தான். "எதிரி நிறுவனத்தில் உறவினர் உண்டா?" உண்டு. "அவரோடு தொடர்பு உண்டா?" எனக்கு இல்லை, என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார், பெற்ற பிள்ளை என்று எழுதினேன்.

"பெற்ற பிள்ளைங்கறதை அடிச்சிடுங்க. தேவையில்லாத விவரம்," என்றார்.

அடிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

மருமகளுக்கு இன்றைக்கு ஏக மரியாதை. மேனேஜர் யாரோ நான்கு பெரிய மனிதர்களை அழைத்து வந்து காட்டினார். "ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் படம் பார்க்குது சார், கண்ணே சிமிட்டாது." நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருடம் அதே வேலையைக் கண் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தவள்.

என் வேலை இதுதான். சாப்பாட்டுத் தட்டு அளவு சிலிக்கான் வட்டு. அதில் அறுநூறு சிப் வரிசையாக அச்சாகியிருக்கும். மைக்ராஸ்கோப் அதைப் படம் எடுத்து அனுப்பும். தூசியா, கீறலா, கோடு அறுந்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். ஒன்று என்றால் ஆபத்து, உற்பத்தி லைனை நிறுத்து. ஒன்பது என்றால் பொருட்படுத்த வேண்டாம். அவ்வளவுதான். இதற்கென்ன பெரிய படிப்பு என்று கேட்பவர்களை ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

போன வருடம் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி ஒரு மெஷினை வாங்கி, நாங்கள் இத்தனை வருடமாகத் தட்டியதையெல்லாம் அதற்குக் கொட்டிப் பழக்கினார்கள். வந்த மூன்றாம் மாதமே வீடு முழுக்க அதன் கைக்குள். அதனால்தான் மருமகள் என்று பெயர் வைத்தோம். நான் வைத்ததுதான். இப்போது நாங்கள் பதினோரு பேர் இல்லை, இரண்டே பேர். நானும் எதிர் சீட்டுக்காரியும். மருமகளுக்குச் சந்தேகம் வருகிற படங்களை மட்டும் எங்கள் பக்கம் தள்ளிவிடும். கழித்ததை மாமியாருக்குப் போடுகிற மாதிரி.

எதிர் சீட்டுக்காரியோடு வேறு வழியில்லாமல் பேசுகிறேன். தம்பி விஷயத்தில் இஸ்திரியிடம் முதலில் போய் வத்தி வைத்தது இவள்தான். "அக்காவுக்குத் தெரியாமலா போயிருப்பாரு?" என்று கேட்டாளாம். ஆறு வருடம் முன்னால் இவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததே நான். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா அவனோடு நாற்பது நிமிடம் பேசினாள். நான் மாடியில் துணி காயப்போட்டேன். ஏற்கெனவே காய்ந்த துணி.

மார்ச் 17, செவ்வாய்

எல்லோரையும் உணவுக்கூடத்தில் நிற்க வைத்து மேனேஜர் காய்ச்சி எடுத்தார். புதிய சிப்பில் நூற்றுக்கு நாற்பதுதான் தேறுகிறது. உலகம் பூராவும் பேசுகிற மெஷின், படம் வரைகிற மெஷின், எல்லாவற்றுக்கும் இந்த அடுக்குச் சிப்தான் வேண்டுமாம். வாசலில் வரிசையாக நிற்கிறார்களாம் வாங்க. யார் முதலில் நூற்றுக்கு எழுபதைத் தொடுகிறார்களோ அவர்களுக்குத்தான் ஐந்து வருடத்து ஆர்டர். அந்தப் பக்கத்துக்காரர்களும் நாற்பதிலேயே முட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அது எப்படி இவருக்குத் தெரியும்? நாங்கள் அம்மா பேசுவதைக்கூட எழுதிக் கொடுக்க வேண்டும், இவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கத்து அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியும்.

"தோத்தா கம்பெனி மட்டும் தோக்காது, நாடே தோக்கும்," என்றார். டீ ஆறிப் போயிற்று.

திரும்பி வரும்போது எதிர் சீட்டுக்காரி மெதுவாக, "உங்க தம்பி ஜெயிச்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே, "உனக்கு வாய் மட்டும் இல்லன்னா காக்கா கொத்திட்டுப் போயிருக்கும்," என்றேன். அதோடு நாள் முழுக்கப் பேச்சில்லை. நிம்மதி.

மார்ச் 26, வியாழன்

நான் கண்டுபிடித்துவிட்டேன். நான்.

உண்மையைச் சொன்னால் நல்ல எண்ணத்தில் செய்ததில்லை. மருமகள் எங்கேயாவது தடுக்கி விழுந்திருப்பாள், பிடித்து மேனேஜர் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிற வயிற்றெரிச்சல்தான். ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில், அது வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் கூடையில் எல்லாம் வட்டின் ஓரத்துப் படங்கள். ஓரத்துச் சிப்புகளை எப்படியும் வெட்டி எறிந்துவிடுவோம், அதனால் அதில் என்ன இருந்தாலும் ஒன்பது. எங்களுக்கும் அதே பழக்கம்.

இன்று ஒரு படத்தில் ஓரத்துப் பூச்சு பொரிந்து நின்றது. பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். பழைய சிப்புக்கு நாலைந்து பூச்சுதான், உரியாது. புதியதில் அடுக்கு அடுக்காக நூற்றுக்கணக்கில். உரிந்த செதில் கழுவும்போது மிதந்து போய் வட்டின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில்தான் நல்ல சிப் எல்லாம். நாங்கள் ஒன்றரை வருடமாக நடுவையே பார்த்துக்கொண்டு தூசி எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

மேனேஜரிடம் காட்டினேன். மனிதர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "இதை வெளியில மூச்சு விடக் கூடாது. வீட்ல கூட," என்றார்.

மார்ச் 27, வெள்ளி

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

எவ்வளவு சந்தோஷப்பட்டேன். மடச்சி.

ஓரத்தைப் பார்க்காதே என்று மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று தேடியிருக்கிறார்கள். பத்து ஓரப் படத்தில் எட்டுக்கு ஒன்பதாம் பொத்தானைத் தட்டியது என் பெயரில். ஓரப் படம் பெரும்பாலும் என் திரைக்குத்தான் வரும், வேறு யார் பெயரில் இருக்கும்?

இஸ்திரியின் அறையில் ஜன்னல் இல்லை. மேஜையில் என் கைரேகை மாதிரி ஒரு பட்டியல், பக்கம் பக்கமாக ஒன்பது ஒன்பது ஒன்பது.

"யார் சொல்லி ஒன்பது தட்டினீங்க?"

"அப்ப பொறுப்புல இருந்தவர் சொன்னாரு. ஓரத்தை விடு, ஒன்பதைத் தட்டு, நேரம் மிச்சம்னு. பதினோரு வருஷம் இருக்கும்."

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னதுதான். எங்க வேலையில பாதி வாயால சொல்றதுதான்."

"அவர் யாரு?"

"உங்க ஃபைல்லயே இருக்கே. என் தம்பி."

பேனாவை மூடி வைத்தார். எதிரி கம்பெனிக்குப் போன தம்பி, இங்கே மெஷினின் கண்ணைக் கட்டிய அக்கா. அவருக்கு வேறென்ன வேண்டும்? வேண்டுமென்றே செய்தேன் என்கிறார். வேண்டுமென்று செய்தவள் எதற்குத் தானே கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள் என்று கேட்டேன். "மாட்டிக்கறதுக்கு முன்னாடி நல்ல பேர் எடுக்க," என்றார். கேட்டுக்கொண்டு நிற்கிறேன் பார், நானும் ஒரு மனுஷி.

ஓரத்தை விடு என்று தம்பி சொன்னதைக் கேட்ட மற்ற மூன்று பேரும் அவனோடு போய்விட்டார்கள். எதிர் சீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எனக்கு இவங்க சொன்னாங்க. இவங்களுக்கு யார் சொன்னதுன்னு தெரியாது," என்றாளாம். பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடிகிற வரை வரவேற்பறைக்குப் பின்னால் ஒரு மேஜை. வேலை எதுவும் கிடையாது. காலை எட்டு முதல் ஐந்து வரை சுவரைப் பார். தம்பி சொல்லித்தான் தட்டினேன் என்று நிரூபிக்காவிட்டால் வேலை போவதோடு நிற்காது, வழக்கும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போனால் போகட்டும். துரோகி என்று எழுதி அனுப்புவார்களே, அதை எப்படித் தாங்குவது? கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இந்த ஒரு வேலையை நம்பி இருந்தவள் நான். கை சுத்தம் என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

ஏப்ரல் 9, வியாழன்

அவன் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். "நான்தான் சொன்னேன்." ஒரே வரி.

செத்தாலும் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். "அம்மா, சாப்பிட்டியா?" என்றான். இரண்டு வருடம் கழித்து அந்தக் குரல்.

"அம்மா இல்ல. நான்."

"...அக்கா?"

"இன்னும் அப்படிக் கூப்பிட வாய் வருதா உனக்கு? நலம் விசாரிக்க எடுக்கல. ஒரே ஒரு கேள்வி, ஆமா இல்லன்னு சொல்லு. ஓரத்துப் படத்துக்கு ஒன்பதைத் தட்டுன்னு எனக்குச் சொன்னது நீதானே?"

"ஆமா. நான்தான். அந்தச் சிப்பை எப்படியும் தூக்கித்தானே எறியறோம்? இங்கயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்த ஒன்பதால இங்க என் தலை உருளுது. மெஷின் கண்ணைக் கட்டினதே நான்தானாம். நீ போனதுக்கு நான் இன்னும் எவ்வளவுடா படணும்?"

"மெஷின் ஓரத்தைப் பார்க்கலன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"என்ன நஷ்டமா? அங்கேர்ந்துதானே எல்லாம்..."

நிறுத்தினேன்.

"சரிக்கா. நாளைக்கே எழுதி அனுப்பறேன்," என்றான்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அவனோடு பேசியதைப் பார்த்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பல் தேய்க்கும்போது உறைத்தது.

எதற்கு உடனே சரி என்றான்? சின்ன வயதில் ஒரு பென்சில் கேட்டால்கூட ஒரு நாள் அலைய விடுவான். நேற்று மறுபேச்சு இல்லாமல் சரிக்கா என்கிறான். ஏன்?

இங்கயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் — சொன்னானே. அதே பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் அங்கேயும் இறக்கியிருக்கிறான். அவர்களுடைய மெஷினும் ஓரத்தைப் பார்க்காது. அவர்களும் நாற்பதிலேயே முட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். இங்கே ஓரத்தால் ஒருத்தியின் தலை உருளுகிறது என்றால் ஓரத்தில் ஏதோ இருக்கிறது. அவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாதி வார்த்தை போதும். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

துரோகி இல்லை என்று காட்டுவதற்காகப் போனில் கத்தி, ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நானே என் வாயால. மூச்சு விடாதேன்னு சொன்னாரே. வீட்ல கூடன்னு சொன்னாரே.

ஒருவேளை அவனுக்குப் புரிந்திருக்காது.

புரிந்திருக்கும்.

ஏப்ரல் 17, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நாலே வரி, கையெழுத்து, அந்த வருடத்து வேலைக் குறிப்பேட்டின் நகல் வேறு. "ஓரம் — 9" என்று அவன் கிறுக்கல். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான், எடுத்துக்கொண்டு போகக் கூடாத குறிப்பேடு.

"இவருக்கு எப்படித் தெரியும், நீங்க மாட்டிக்கிட்டது?" என்று கேட்டார் இஸ்திரி.

"அம்மா சொல்லியிருப்பாங்க. என் வேலைக்கு ஆபத்துன்னு அழுதுக்கிட்டு இருந்தாங்க. படிவத்துல எழுதியிருக்கேனே, அம்மா பேசுவாங்கன்னு."

"ஓரம் ஒன்பதுன்னு அம்மா சொன்னாங்களா?"

"நான் வீட்ல புலம்பினதைக் கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு ஓரம்னா முந்தானை ஓரம்தான் தெரியும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவை. பெற்றவளின் தலையில் பழியைப் போட்டு ஒரு ஜோக்கும் அடித்தாயிற்று.

ஏப்ரல் 20, திங்கள்

பாஸ் வந்துவிட்டது. மேனேஜர் கை கொடுத்தார். வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு காற்றறையில் நின்றேன். தூசி போகட்டும் என்று நாலு பக்கமும் காற்று அடிக்கும். கொஞ்ச நேரம் அதிகமாக நின்றேன்.

மே 18, திங்கள்

ஐம்பத்தெட்டு தேறுகிறது என்றார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூலை 14, செவ்வாய்

அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுபத்தொன்று. செய்தியில் வந்துவிட்டது. நாங்கள் அறுபத்தாறில் நிற்கிறோம். ஐந்து வருடத்து ஆர்டர் அங்கே போய்விட்டது.

மேனேஜர் இன்று கத்தவில்லை. கத்தினால் தேவலை. "மூணு மாசத்துல நாப்பதுலேர்ந்து எழுபத்தொண்ணு. ஓரத்தைச் சரி பண்ணாம அது முடியாது. நம்மகிட்டேர்ந்துதான் போயிருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் தரையைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

ஜூலை 29, புதன்

எதிர் சீட்டுக்காரியின் பாஸைப் பறித்துவிட்டார்கள். அவளுடைய மகள் அந்த நாட்டில் படிக்கிறாளாம். ஏப்ரலில் இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்பதாம் பொத்தான் கதை தெரிந்தவள், அந்தப் பக்கம் போய் வந்தவள். அவருக்கு வேறென்ன வேண்டும்?

வரவேற்பறைக்குப் பின்னால் அதே மேஜை. அதே சுவர். சாப்பாட்டுக்குப் போகும்போது பார்த்தேன். முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தது. படட்டும், அவள் என்னைப் படுத்திய பாட்டுக்குப் படட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நாள் முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஆகஸ்ட் 5, புதன்

இஸ்திரி ஒரு தாளை நீட்டினார். அவளோடு ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவள் நான், எனக்குத்தான் தெரியும் என்று. "ஓரம் பற்றி வெளியில் பேசக்கூடியவர் என்று நினைக்கிறீர்களா?" ஆம், இல்லை. கீழே கையெழுத்து.

"உங்களை அவங்க என்னென்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். பயப்படாம எழுதுங்க," என்றார். எவ்வளவு அன்பு.

யோசித்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். மடித்துப் பையில் இருக்கிறது. ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. இனிமேல் ஒருத்தரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள். நானும் அவனும் சமாதானமாகிவிட்டோம் என்று நினைப்பு. அவனுக்குப் பெரிய பதவி கொடுத்திருக்கிறார்களாம். "எல்லாம் அக்கா ராசிதாம்மா. அக்காகிட்ட சொல்லு, நான் மறக்க மாட்டேன்னு," என்றான்.

போனைப் பிடுங்கினேன். "என்னை எதுக்குடா இழுக்கறே? உனக்கு நான் என்ன பண்ணினேன்? ஒரு கடிதம் கேட்டேன், அவ்வளவுதான். அவ்வளவுதான்டா கேட்டேன்."

"நீ வேணும்னு பண்ணலக்கா. தெரியும். நானும் வேணும்னு பண்ணல. காதுல விழுந்ததை விழலைன்னு எப்படி இருக்கறது? நீயா இருந்தா இருப்பியா?"

போனை வைத்துவிட்டேன். இருப்பேனா? அந்த இடத்தில் நான் இருந்து, இவன் வாய் தவறியிருந்தால்? மார்ச் மாதம் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு — இருந்திருக்க மாட்டேன். ஓடிப்போய் மேனேஜரிடம் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தாளில் "இல்லை" என்று டிக் போட்டேன். கீழே "நான்தான்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 12, புதன்

இஸ்திரி இரண்டு தடவை படித்தார். "ஏன் இப்ப சொல்றீங்க?"

"முன்னாடி கேட்டப்ப பொய் சொன்னேன். அதான்."

"உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதே."

"ஆகாது. இப்பவும் ஆகாது. அதுக்காக அவ செய்யாததை அவ தலையில கட்ட முடியுமா?"

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி, அம்மாவின் போன், பேசிய வார்த்தை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் "அங்கேர்ந்துதானே எல்லாம்" என்கிற இடத்தில் நிமிர்ந்து, "அவ்வளவுதானா? இதுக்கு மேல ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். பேனாவை மூடாமலே மேஜையில் வைத்தார். அந்த மனிதர் மேல் அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு அம்மாவின் போனைக் கேட்டார். சாட்சியாம். வீட்டுக்கு இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா அதைக் கொடுக்க மாட்டேன் என்று முந்தானையில் சுற்றிக்கொண்டாள். நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

வேலை போயிற்று. வழக்குப் போடவில்லை. போட்டால் செய்தியாகும், அவர்களுக்குத்தான் அசிங்கம். பதிலுக்கு ஒன்பது பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அங்கே பார்த்தது, கேட்டது, செய்தது எதையும் யாரிடமும், அங்கே வேலை செய்கிறவர்களிடம்கூட, ஆயுசுக்கும் பேச மாட்டேன். அம்மா அவனோடு பேசினாலும் குற்றம் என்று ஒரு வரி. அதைப் படிக்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

அம்மா என்னிடம் பேசி இருபது நாள் ஆகிறது. தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அக்டோபர் 4, ஞாயிறு

எதிர் சீட்டுக்காரி வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்காதீங்க. உங்களாலதான் ரெண்டு வாரம் அந்தச் சுவரைப் பார்த்தேன். என் பொண்ணு அங்க அழுதுக்கிட்டு கிடந்தா."

"நினைச்சுக்கல. வந்த விஷயத்தைச் சொல்லு."

அவள் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மருமகள் இப்போது தலைகீழாகிவிட்டாளாம். ஓரத்தைப் பார் என்று பழக்கினதும் பழக்கினார்கள், ஓரத்தில் எதைக் கண்டாலும் ஆபத்து என்று லைனை நிறுத்துகிறாளாம். ஒரு நாளைக்கு முப்பது தடவை. பார்க்க இவள் ஒருத்திதான் மிச்சம், எது நிஜம் எது சும்மா என்று பிரிக்கத் தெரியவில்லை. மேனேஜர் உயிரை வாங்குகிறார்.

"நகம் கீறின மாதிரி ஒரு கோடு வருது. வளைஞ்சு. அதுக்கு ஒண்ணு தட்டறதா, ஒன்பது தட்டறதா?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாது," என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரியாது."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். "சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா உள்ளேயிருந்து, "யாருடி அது?" என்று கேட்டாள். ஐம்பத்து மூன்று நாளில் முதல் பேச்சு. "அட்ரஸ் மாறி வந்துட்டாங்க," என்றேன்.

கோட்டின் வால் உள்பக்கம் பார்த்து வளைந்தால் ஒன்று, அது உரியப் போகிறது. வெளிப்பக்கம் பார்த்தால் ஒன்பது, வெறும் நிழல். அவ்வளவுதான் விஷயம்.

இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.